'எங்கே போயிட்டீங்க?' என்று எழுதியவள்

அலுவலகத்தில் அவளுக்குக் கட்டக்கா என்று பெயர். உருவத்தைப் பார்த்து வைத்த பெயர் இல்லை. ஆள் நல்ல உயரம். நாள் முழுக்கக் கட்டம் கட்டமாக வேலை பார்ப்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். கடைகளும் கம்பெனிகளும் வாடிக்கையாளர்களுக்கு அனுப்புகிற விளம்பர மெயில்களை வடிவமைப்பதுதான் அவள் தொழில். மேலே ஒரு படம், நடுவே நாலு வரி, கீழே 'இப்போதே வாங்குங்கள்' என்று ஒரு பட்டன். பார்க்கிறவருக்கு இரண்டு விநாடி வேலை. ஆனால் நூறு விதமான ஃபோனிலும் கம்ப்யூட்டரிலும் அந்த மெயில் கலையாமல் நிற்க வேண்டுமென்றால், உள்ளே ஒன்றுக்குள் ஒன்றாக அட்டவணைகளைச் சொருகித்தான் கட்ட வேண்டும். வெப்சைட் செய்கிறவர்கள் என்றைக்கோ கைகழுவிவிட்ட முறை. மெயிலுக்கு மட்டும் இன்றைக்கும் அதுதான் கதி.

மற்றவர்கள் முகம் சுளிக்கும் அந்த வேலை அவளுக்குக் கைவந்த கலையாக இருந்தது. இதற்கு முன் ஏழு வருடம் ஓர் அச்சகத்தில் பேருந்து நேர அட்டவணைகளைத் தயாரித்துக்கொண்டிருந்தவள். ஒரு கட்டம் கீழே நழுவினால் யாரோ ஒருவர் ஒரு மணி நேரம் மழையில் நிற்பார் என்பது அவளுக்கு அப்போதே தெரியும். அச்சாகி ஒட்டப்பட்ட பிறகும், வீட்டுக்குப் போகிற வழியில் நிறுத்தத்தில் இறங்கி அந்தத் தாளை இன்னொரு தடவை படித்துப் பார்த்துவிட்டு, அடுத்த பேருந்தில் போவாள்.

ஓர் இடத்தில் உட்காரத் தெரியாத பெண். மேசைக்கு அடியில் ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். வீட்டைப் பூட்டிப் படியிறங்கியவள் மறுபடி ஏறி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். கணவர் லிஃப்ட் மெக்கானிக். கீழே நாற்பது பேர் நின்று கத்தினாலும் திருகாணியை நிதானமாகக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்கிற மனிதர். "நீ எந்திரிக்கும்போதே கால்ல சுடுதண்ணிய ஊத்திக்கிட்டுத்தான் எந்திரிக்கிற" என்பார். அவளும் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே போய் அடுப்பை அணைத்தோமா என்று பார்ப்பாள்.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலைதான் சரியான வேலை. மெயிலை ஒரு தடவை அனுப்பிவிட்டால் திரும்பக் கூப்பிட முடியாது. நாலு லட்சம் பேருக்குப் போவது நாலு லட்சம் பேருக்கும் போய்விடும். அனுப்பும் பட்டனை அழுத்தியதும் அவள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவாள். நாலு மாடி இறங்குவாள், நாலு மாடி ஏறுவாள். மூச்சிரைக்க வந்து உட்காரும்போது யாராவது ஒருவர் "என்னக்கா, ஓடிப்போய் நிறுத்திட்டீங்களா?" என்று கேட்பார்கள்.

அவர்களுடைய மேலாளருக்குச் சதவீதம் சார் என்று பெயர். எத்தனை சதவீதம் பேர் திறந்தார்கள், எத்தனை சதவீதம் பேர் உள்ளே தொட்டார்கள், எத்தனை சதவீதம் பேர் வாங்கினார்கள் என்பதுதான் அவருடைய பேச்சு. டீ எப்படி இருக்கிறது என்று கேட்டால்கூட "எண்பது சதவீதம் பரவாயில்ல" என்பார். கெட்ட மனிதர் இல்லை. எண்ணுக்குப் பின்னால் ஆள் இருப்பது அவருக்கு மறந்து போயிருந்தது, அவ்வளவுதான்.

நடைப்பயிற்சி ஷூ தயாரிக்கும் கம்பெனி ஒன்று அவர்களுடைய பெரிய வாடிக்கை. ஒரு தடவை ஷூ வாங்கியவர்கள் எல்லோருடைய மெயில் முகவரியும் பட்டியலில் இருந்தது. அதில் பாதிப் பேர் ஆறு மாதமாக எந்த மெயிலையும் திறக்கவில்லை என்று கணக்குக் காட்டியது. அவர்களை மறுபடி இழுக்க ஒரு மெயில் வேண்டும். தலைப்புக்கு ஏழு பேர் ஏழு வரி எழுதினார்கள். சலுகை, பரிசு, கடைசி வாய்ப்பு என்று போனது. கட்டக்கா, கணவர் வேலை முடிந்து வரத் தாமதமானால் ஃபோனில் என்ன கேட்பாளோ அதையே எழுதினாள்: 'எங்கே போயிட்டீங்க?' அதற்கு முன்னால் பெறுகிறவருடைய பெயர். உள்ளே, விடிகாலையில் ஆளில்லாத ஒரு பூங்காப் பாதையின் படம்.

மற்ற ஆறு வரிகளும் அதற்குப் பக்கத்தில் வரமுடியவில்லை. முப்பத்தொரு சதவீதம் பேர் திறந்தார்கள். சதவீதம் சார் அந்த வரியைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டினார். திறக்காதவர்களுக்குத் திறக்கும்வரை மாதம் ஒரு தடவை தானாகவே போகும்படி ஏற்பாடு செய்யச் சொன்னார். அவளும் செய்தாள்.

எல்லா விளம்பர மெயிலின் அடியிலும் 'இனி எனக்கு அனுப்ப வேண்டாம்' என்று ஓர் இணைப்பு இருந்தாக வேண்டும். "அது கொஞ்சம் அடக்கமா இருக்கட்டும்மா" என்றார் சதவீதம் சார். அடக்கம் என்றால் என்ன என்று அவளுக்குப் புரிந்தது. பட்டியல் சுருங்கக் கூடாது. அவள் அந்த வரியை எழுத்தாக வைக்காமல், கம்பெனி முத்திரையோடு சேர்த்து ஒரே படமாக, வெளிறிய சாம்பல் நிறத்தில் அடியில் வைத்தாள். "இது யார் கண்ணுக்கும் படாது சார்" என்று ஒரு தடவை சொன்னாள். "படவேண்டியவங்களுக்குப் படும்" என்றார். அவள் இரண்டாவது தடவை சொல்லவில்லை. பின்னாளில் அவளை அதிகம் அரித்தது இந்த இடம்தான்.

எட்டு மாதம் ஓடியது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஒரு மெயிலை அனுப்பிவிட்டு அவள் படிக்கட்டுக்குக் கிளம்பும்போது, திரையின் ஓரத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது. ஷூ கம்பெனி பேரில் மெயில் போகிற அந்த முகவரியின் பெட்டி நிரம்பிவிட்டதாம். அந்த முகவரியிலிருந்து மெயில் போகும். அதற்குப் பதில் போட்டால் யாரும் பார்ப்பதில்லை. அப்படி ஒரு பெட்டி உள்ளே இருப்பதே அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பட்டியலைப் பராமரிக்கும் மூத்த ஊழியரைப் பட்டியல் அண்ணன் என்பார்கள். அவரிடம் கடவுச்சொல்லை வாங்கித் திறந்தாள்.

ஆறாயிரத்துச் சொச்சம் மெயில்கள்.

பெரும்பாலானவை 'நான் விடுமுறையில் இருக்கிறேன்' என்று இயந்திரம் போட்ட பதில்கள். அவற்றுக்கு நடுவே மனிதர்கள் இருந்தார்கள். இடது கால் ஷூ கீச்சுக் கீச்சென்று கத்துகிறது, நூலகத்துக்குள் போக முடியவில்லை என்று ஒருவர். அகலப் பாதத்துக்கு ஏதாவது உண்டா என்று ஒருவர். 'எங்கேயும் போகவில்லை அம்மா, முட்டி வலி' என்று ஒருவர், நாலு வரியில் தன் முட்டியின் வரலாற்றையே எழுதியிருந்தார். அவள் நின்றபடியே படித்தாள். அன்று படிக்கட்டுக்குப் போகவில்லை.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் அந்த மெயில் கண்ணில் பட்டது. அனுப்பியவர் பெயர் ஓர் ஆணுடையது. எழுதியவர் ஒரு பெண்.

'இது நான் எழுதும் நான்காவது கடிதம். என் கணவர் சென்ற ஆண்டு இறந்துவிட்டார். அவர் எங்கே போனார் என்று மாதாமாதம் கேட்கிறீர்கள். எனக்கும் தெரியவில்லை. தயவுசெய்து இனி அனுப்பாதீர்கள். நிறுத்துவதற்கான இடம் எதுவும் என் ஃபோனில் தெரியவில்லை.'

தேடிப் பார்த்தாள். முந்தைய மூன்று கடிதங்களும் அதே பெட்டியில் இருந்தன. முதலாவது நீளமாக, மரியாதையாக இருந்தது. இரண்டாவது பாதியாகச் சுருங்கியிருந்தது. மூன்றாவதில் ஒரே வரி.

நேராகப் பட்டியல் அண்ணனிடம் போனாள்.

"அண்ணே, இந்த ஆளை இப்பவே எடுக்கணும்."

"சாயங்காலம் மொத்தமா எடுப்பேன்லம்மா, அப்ப பாத்துக்கலாம்."

"இப்பண்ணே. நான் இங்கதான் நிக்கப்போறேன்."

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அவளைப் பார்த்தார். பிறகு எடுத்தார். "போச்சு. போதுமா?"

வாடிக்கையாளர் யாருக்கும் நேரடியாகப் பதில் எழுதக் கூடாது என்பது அலுவலக விதி. அவள் எழுதினாள். மன்னிப்புக் கேட்டாள். இனி ஒரு மெயில்கூட வராது, நான் பொறுப்பு என்று எழுதி, அலுவலக முகவரியையும் தன் மேசை ஃபோன் எண்ணையும் கீழே போட்டாள். அனுப்பிய பிறகு 'நான் பொறுப்பு' என்ற சொற்கள் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தன. அன்று வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள்.

"தெரியாமத்தானே நடந்துச்சு" என்றார் அவர்.

"சாம்பல் கலர்ல வெச்சது தெரியாமயாங்க வெச்சேன்?"

அவள் எழுந்துபோய், ஏற்கெனவே மடித்து வைத்திருந்த துணிகளைப் பிரித்து மறுபடி மடித்தாள். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் கதவோரம் நின்று பார்த்துவிட்டு, "அம்மா, அது என் யூனிஃபார்ம், மூணாவது தடவை மடிக்கிற" என்று பிடுங்கிக்கொண்டு போனாள்.

ஒன்பது நாள் கழித்து வரவேற்பறையிலிருந்து கூப்பிட்டார்கள். யாரோ ஒரு டீச்சர் வந்திருக்கிறாராம். வந்தவர் ஒல்லியான பெண்மணி, ஐம்பது வயதிருக்கும். விரல் நுனிகளில் ஏதோ ரசாயனம் பட்ட மஞ்சள் கறை. ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லித்தருகிறவர். உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தார். தன் ஃபோனை மேசைமேல் வைத்து அவள் பக்கம் நகர்த்தினார்.

"நீங்கதானே பொறுப்புன்னு எழுதினது?"

"ஆமாம், டீச்சர்."

"இன்னிக்குக் காலையில இது வந்துச்சு."

இறந்தவரின் பெயர். அதன் பக்கத்தில்: 'பிறந்தநாள் வாழ்த்துகள்! உங்களுக்காக ஒரு பரிசு காத்திருக்கிறது!'

பிறந்தநாள் வாழ்த்து வேறொரு பட்டியலிலிருந்து போகிறது என்பது கட்டக்காவுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பட்டியல் அண்ணன் எடுத்தது ஒரு பட்டியலிலிருந்து. பிறந்தநாளுக்கு ஒன்று, கடையில் பில் போட்டவர்களுக்கு ஒன்று என்று தனித்தனியாக இருந்தன.

"நான் சண்டை போட வரல" என்றார் டீச்சர். "வீட்டுப் பத்திரம், இன்சூரன்ஸ் எல்லாம் இன்னும் அவர் மெயிலுக்குத்தான் வருது. அதனாலதான் என் ஃபோன்ல வெச்சிருக்கேன். போன மாசம் வகுப்புல ஃபோனைப் பெரிய திரையில மாட்டிப் பாடம் நடத்திக்கிட்டிருந்தேன். முப்பத்தெட்டுப் பிள்ளைங்க. மேல வந்து நின்னுச்சு, அவர் பேரோட. எங்கே போயிட்டீங்கன்னு. ஒரு பொண்ணு சத்தமா வாசிச்சிட்டா. பாவம், அதுக்கு என்ன தெரியும்." மேசைமேல் இருந்த ஃபோனைச் சுட்டிக்காட்டினார். "நிறுத்தற பட்டன் இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. நீங்க பண்ணின மெயில்தானே? நீங்களே எடுத்துக் காட்டுங்க, பாப்போம்."

கட்டக்கா ஃபோனைக் கையில் எடுத்தாள். தான் செய்த மெயிலை இப்படி ஒரு ஃபோனில் அவள் பார்த்ததே இல்லை. டேட்டாவை மிச்சம் பிடிக்கப் படங்கள் நிறுத்தப்பட்டிருந்தன. எழுத்து பெரிதாக வைக்கப்பட்டிருந்தது. அவள் மூன்று நாள் உட்கார்ந்து நிறம் பார்த்துப் பார்த்து இழைத்த மெயில், வெறும் வெள்ளைச் சதுரங்களாக நின்றது. கீழே இறங்கினாள். மெயில் நீளம் என்பதால் பாதியில் வெட்டுப்பட்டு, 'முழுவதையும் காட்டு' என்று கேட்டது. தொட்டாள். அடியில் இன்னொரு வெள்ளைச் சதுரம். அதுதான் அந்த அடக்கமான வரி. படத்தை இறக்கச் சொல்லித் தொட்டாள். வந்தது. கடுகு அளவு சாம்பல் எழுத்து. விரலால் தொட்டால் பக்கத்தில் இருந்த முத்திரை திறந்தது. நாலாவது தடவைதான் சரியான இடத்தில் விரல் பட்டது.

ஒரு பக்கம் திறந்தது. 'உங்கள் விருப்பங்களை மாற்ற, கடவுச்சொல்லை இடவும்.'

அவள் டீச்சரைப் பார்த்தாள்.

"அதை அவர்கிட்டதான் கேக்கணும்" என்றார் டீச்சர்.

கடவுச்சொல் மறந்துவிட்டதா என்பதைத் தொட்டாள். பதிவு செய்த ஃபோனுக்கு ஓர் எண் அனுப்புவதாகச் சொன்னது. அந்த ஃபோன் இணைப்பைத் திருப்பி ஒப்படைத்து ஆறு மாதம் ஆகிறது என்றார் டீச்சர். குரலில் கோபம் இல்லை. ஒரு சோதனை எப்படி முடியும் என்று முன்பே தெரிந்தவர், மாணவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது போல இருந்தார்.

"ஒவ்வொண்ணையும் நான் திறந்து பாத்தேன். யாரோ திறந்து படிக்கறாங்கன்னுகூடவா உங்களுக்குத் தெரியல?" என்று கேட்டார்.

கட்டக்காவுக்கு அதற்கும் பதில் தெரிந்திருந்தது. மெயிலுக்குள் இருக்கும் படம் இறங்கினால்தான் திறந்ததாகக் கணக்கு. படம் நிறுத்தப்பட்ட ஃபோனில் ஆயிரம் தடவை படித்தாலும், திறக்கவில்லை என்றுதான் இங்கே பதிவாகும். திறக்கவில்லை என்பதால்தான் மாதாமாதம் போனது. இதை அவள் மறைக்காமல் சொன்னாள். அந்தத் தலைப்பை எழுதியதும் நான்தான் என்று சொன்னாள். அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று உடனே தோன்றியது.

டீச்சர் ஃபோனை எடுத்துப் பைக்குள் வைத்தார். "நல்லாத்தான் எழுதியிருக்கீங்க" என்றார். "முதல் தடவை பாத்தப்போ அவருக்கு யாரோ சிநேகிதர் எழுதறாருன்னே நினைச்சேன்."

போகும்போது டீ வேண்டாம் என்றுவிட்டார். கட்டக்கா அவரோடு படியிறங்கி, வாசல்வரை போய், அவர் தெருவைக் கடந்து மறையும்வரை நின்றாள். பிறகு மேலே வந்து, மூன்று பட்டியலையும் பட்டியல் அண்ணனோடு பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தேடி அந்தப் பெயரை எடுத்தாள். தேடியபோது நாலாவதாக ஒன்றும் இருந்தது.

அடுத்த ஒரு வாரம் அவள் வேறு எதையும் தொடவில்லை. எல்லா மெயிலுக்கும் அச்சாக இருந்த டெம்ப்ளேட்டை முழுக்கப் பிரித்து மறுபடி கட்டினாள். படம் வராவிட்டாலும் மெயில் படிக்கும்படி இருக்க வேண்டும் என்று, சொல்ல வேண்டியதையெல்லாம் எழுத்தாக வைத்தாள். ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும் அது என்ன படம் என்று ஒரு வரி. நீளத்தைப் பாதியாக வெட்டினாள். 'இனி எனக்கு அனுப்ப வேண்டாம்' என்பதை மேலேயே, வணக்கத்துக்கு அடுத்து, சாதாரணக் கறுப்பு எழுத்தில் வைத்தாள். ஒரு தொடலில் முடியும்; கடவுச்சொல் கேட்காது.

சதவீதம் சார் பார்த்தார். நாற்காலியில் சாய்ந்தார்.

"என்னம்மா இது? கடைக்குள்ள வந்தவனை வாசல்லயே நிறுத்தி, வெளிய போற வழி அந்தப் பக்கம்னு காட்டற மாதிரி இருக்கு."

"சார், அவங்க உள்ள வரல. நாமதான் அவங்க வீட்டுக்குள்ள போறோம்."

"பேச நல்லாத்தான் இருக்கு. நம்ம ஒப்பந்தமே பட்டியல்ல எத்தனை பேர்ங்கறதை வெச்சுத்தான். பத்து சதவீதம் போச்சுன்னா நீ பதில் சொல்லுவியா?"

"ஒரு சின்னப் பங்குக்கு மட்டும் அனுப்பிப் பாப்போம் சார். பத்துல ஒரு பங்கு."

எண் என்றதும் அவருக்கு ஆசை வந்துவிட்டது. சரி என்றார். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நாற்பதாயிரம் பேருக்குப் புது மெயில் போனது. அவள் படிக்கட்டில் மூன்று தடவை ஏறி இறங்கினாள். பன்னிரண்டு மணிக்குள் ஆயிரத்து நூறு பேர் விலகிவிட்டார்கள். வழக்கமாக ஒரு நாளில் விலகுவதைப்போல ஒன்பது மடங்கு. சதவீதம் சார் தலையில் கை வைத்துக்கொண்டார். "நிறுத்து. பழசையே போடு" என்றார்.

"சார், குப்பைன்னு புகார் குடுத்தவங்க எத்தனை பேர்னு பாருங்க."

விலகும் வழி தெரியாதவர்கள் வழக்கமாக மெயிலைக் குப்பை என்று குறித்துவிடுவார்கள். அப்படிக் குறிக்கிறவர்கள் கூடினால், மெயில் நிறுவனங்களே அந்த அனுப்புநரைச் சந்தேகப்பட்டு எல்லோருடைய குப்பைப் பெட்டிக்கும் தள்ள ஆரம்பிக்கும். ஒவ்வொரு மெயிலுக்கும் இருநூறுக்குக் குறையாத புகார் வருகிற அதே அளவு பட்டியலில், அன்று வந்தது பதினொன்று. அவர் அந்த எண்ணை இரண்டு தடவை பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். "இருந்தாலும் நிறுத்து" என்றார்.

மறு வாரம் ஷூ முதலாளியுடன் கூட்டம். கட்டக்காவைக் கூப்பிடவில்லை. அவளாகவே போனாள். கையில் அந்தப் பெட்டியில் இருந்த மனிதர்களின் கடிதங்கள், அச்சடித்து, இருநூறு தாள். எல்லாவற்றுக்கும் மேலே டீச்சரின் நாலு கடிதங்களை வைத்திருந்தாள். கண்டிப்பாகத் திட்டு விழும், வேலையும் போகலாம் என்று கணவரிடம் காலையிலேயே சொல்லிவிட்டாள். "போனா போகட்டும், உன் கால் ஆட்டத்துக்கு ஒரு வாரம் ஓய்வு" என்று அவர் அனுப்பி வைத்தார்.

சதவீதம் சார் வரைபடங்களைக் காட்டிக்கொண்டிருந்தபோது அவள் எழுந்து தாள்கட்டை முதலாளி முன்னால் வைத்தாள். "இதெல்லாம் உங்களுக்கு வந்த பதில் சார். இதுவரைக்கும் யாரும் படிக்கல."

முதலாளி தடித்த மனிதர், மூக்குக் கண்ணாடி நெற்றிமேல். கண்ணாடியை இறக்கி முதல் தாளைப் படித்தார். "அடப் பாவமே" என்றார். முகம் நிஜமாகவே வாடியது. இரண்டாவது, மூன்றாவது. ஐந்தாவது தாளில் நின்றுவிட்டார்.

"இடது கால் கத்துதுன்னு எழுதியிருக்கான்."

"ஆமாம் சார்."

"இங்கேயும் இடது கால்." தாள்களை வேகமாகப் புரட்டினார். "இவனுக்கும் இடது கால்! எத்தனை பேருய்யா?"

பதினேழு பேர். அவள் எண்ணி வைத்திருந்தாள். முதலாளி அங்கிருந்தே தொழிற்சாலைக்கு ஃபோன் போட்டார். எட்டு மாதமாக ஊரே அவருடைய இடது கால் ஷூவைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறது, தனக்கு ஒரு வார்த்தை வரவில்லையே என்று சத்தம் போட்டார். டீச்சரின் கடிதம் கவிழ்ந்து மேசையோரத்தில் கிடந்தது. கட்டக்காவுக்கு ஆத்திரமாக வந்தது. அதை எடுத்து மறுபடி அவர் முன்னால் வைத்தாள்.

"சார், இதுக்கு என்ன பண்றது?"

ஃபோனைக் காதில் வைத்தபடியே அவர் சொன்னார்: "அதான் பாவம்னு சொன்னேனேம்மா. நீ என்ன பண்ணணும்னு சொல்றியோ பண்ணு. போறவங்க போகட்டும். இந்த மாதிரி லெட்டர் எனக்குத் தினம் வரணும், அதை மட்டும் விட்றாத."

அவ்வளவுதான். அவள் இரவெல்லாம் புரண்டு புரண்டு தயார் செய்து வைத்திருந்த வாதங்களில் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. அறையை விட்டு வெளியே வந்தபோது ஜெயித்த மாதிரியும் இல்லை, தோற்ற மாதிரியும் இல்லை. தண்ணீர் குடிக்கப் போய், குடிக்காமல் திரும்பி வந்தாள்.

புது டெம்ப்ளேட் எல்லோருக்கும் போனது. முதல் தடவை பதினோராயிரம் பேர் விலகினார்கள். அடுத்த தடவை நாலாயிரம். பிறகு அடங்கிவிட்டது. 'எங்கே போயிட்டீங்க?' நிறுத்தப்பட்டது. பட்டியல்கள் நாலையும் ஒன்றாக்க மூன்று மாதம் பிடித்தது. அதற்குள் இறந்துபோன இன்னும் இரண்டு பேருக்கு வாழ்த்துப் போய்விட்டது. அந்த இரண்டு வீட்டுக்கும் அவளே மன்னிப்பு எழுதினாள். சதவீதம் சார் இரண்டு வாரம் அவளோடு பேசவில்லை. பேசியபோது வேறொரு வாடிக்கைக்கு அவளை மாற்றியிருப்பதாகச் சொன்னார். சுவரில் இருந்த அந்த வரி அங்கேயேதான் இருந்தது. ஒரு நாள் புதிதாக வந்த மெத்தைக் கம்பெனிக்காரரிடம் அவர் அதைச் சுட்டிக்காட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்ததும், அவள் தன் இடத்துக்குப் போய் ராஜினாமாக் கடிதத்தை அடித்தாள். அதை அனுப்பிவிட்டுப் படிக்கட்டில் இறங்கியவள், அன்று நேராக வீட்டுக்கே போய்விட்டாள்.

ஷூ கம்பெனியே அவளை எடுத்துக்கொண்டது. சில்லறை விற்பனையும் நடக்கிற கிடங்குக்கு மேலே ஒரு சின்ன அறை, எந்நேரமும் ரப்பர் வாசனை, ஜன்னலைத் திறந்தால் லாரி பின்னால் வரும் சத்தம். மெயில் வடிவமைப்பதும் அவள்தான், பதில்களைப் படிப்பதும் அவள்தான். படம் நிறுத்திய ஒரு பழைய ஃபோனை வாங்கி மேசையில் வைத்திருக்கிறாள். அதில் பார்க்காமல் எதையும் அனுப்புவதில்லை. கால் ஆட்டம் நின்றபாடில்லை. இங்கே மாடி ஒன்றுதான் என்பதால் நாலு மடங்கு தடவை ஏறி இறங்க வேண்டியிருக்கிறது.

ஒரு வருடத்துக்குப் பிறகு, ஒரு காலை, அந்த ஆணின் பெயரில் ஒரு மெயில் வந்தது. பெயரைப் பார்த்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறுபடி எங்கோ ஒரு பட்டியல் தப்பிவிட்டது என்றுதான் நினைத்தாள். டீச்சர் எழுதியிருந்தார். அலமாரியை ஒழித்தபோது, பெட்டி பிரிக்காத ஒரு ஜோடி ஷூ கிடைத்ததாம். பத்தாம் அளவு. பில் இல்லை, வாங்கி இரண்டு வருடத்துக்கு மேல் இருக்கும். 'டாக்டர் என்னையும் நடக்கச் சொல்கிறார். இதைக் கொடுத்துவிட்டு ஆறாம் அளவு வாங்கிக்கொள்ள முடியுமா? முடியாது என்றாலும் பரவாயில்லை.'

மாற்றிக்கொள்ள முப்பது நாள்தான் கெடு. அவள் முதலாளியிடம் போய்க் கேட்டாள். அவருக்கு டீச்சரை நினைவில்லை. "பெட்டி பிரிக்கலேல்ல? குடு" என்றார்.

சனிக்கிழமை டீச்சர் நேரிலேயே வந்தார். விரல் நுனியில் அதே கறை. கட்டக்கா கிடங்கிலிருந்து ஆறாம் அளவில் மூன்று ஜோடி எடுத்து வந்து வைத்தாள். டீச்சர் ஒவ்வொன்றையும் போட்டு, அந்தச் சின்ன அறைக்குள் சுவருக்குச் சுவர் நடந்து பார்த்தார். மூன்றாவதைப் போட்டதும் நின்றார்.

"கத்துதா பாருங்க" என்றாள் கட்டக்கா. "முன்னாடி இடது கால் கத்தும்."

டீச்சர் இடது காலை இரண்டு தடவை அழுத்தி வைத்துப் பார்த்தார். "இல்ல. சத்தமே இல்ல." பழைய செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு, புது ஷூவோடேயே கிளம்பினார். கதவருகில் திரும்பி, "நீங்களும் ஒரு ஜோடி போட்டு நடங்க. உக்காந்த இடத்துலேயே எவ்வளவு நடப்பீங்க" என்றார். அப்போதுதான் கட்டக்கா மேசைக்கடியில் ஆடிக்கொண்டிருந்த தன் காலைப் பார்த்தாள்.

அவர் போன பிறகு பத்தாம் அளவுப் பெட்டியைக் கிடங்கில் எங்கே வைப்பது என்று கேட்டாள். "புதுசுதானே, வரிசையில வை" என்றார் முதலாளி. வைத்தாள். திங்கட்கிழமை வந்ததும் முதல் வேலையாகக் கீழே போய்ப் பார்த்தாள். வரிசையில் அந்தப் பெட்டி இல்லை, விற்றுப்போயிருந்தது. வாங்கியவர் மெயில் முகவரி கொடுத்திருக்கிறாரா என்று பில் கவுண்டரில் இருந்த பெண் தேடிப் பார்த்தாள்.

"குடுக்கலக்கா. வேண்டாம்னுட்டாராம்" என்றாள்.

"நல்லது" என்றாள் கட்டக்கா. பத்து மணிக்கு ஒரு மெயில் அனுப்ப வேண்டியிருந்தது. இரண்டிரண்டு படியாக மேலே ஏறினாள்.